பன்னிரண்டாவது ஊசி

பெங்களூரில் ஏதோ கம்பெனி கழித்துக்கட்டிய மானிட்டர்.
இருபத்திரண்டு அங்குலம், இரண்டாயிரத்து நானூறு ரூபாய்.
ஓசூர் நியாஸ் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து
பழையபேட்டைக் கடையில் இறக்கிவிட்டுப் போனான்.
மாட்டினேன். எரிந்தது.
ஆனால் எல்லாமே அகலம்.
ஐகான்கள் பூரி மாதிரி உப்பிக் கிடந்தன.
முந்தாநாள் செய்த காதுகுத்து பிளெக்ஸில்
தாய்மாமன்கள் மூவரும் பக்கவாட்டில் வளர்ந்து
ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

ரைட் கிளிக் செய்து பட்டியலைத் திறந்தால்
1024 × 768, அதோடு சரி.
மேலே மாடி இருக்கிறது, படிதான் இல்லை.
டிரைவரை அழித்தேன், திரும்ப ஏற்றினேன்.
நான்கு முறை ரீஸ்டார்ட்.
கரண்ட் போய் வந்தது, அதையும் சேர்த்தால் ஐந்து.
ஒவ்வொரு முறையும் திரையின் மூலையில்
ஒரு சின்னக் கட்டம் வந்து சொல்லும்:
உகந்த அளவு 1920 × 1080.
சொல்லிவிட்டு அணைந்துபோகும்.
தன் அளவு அதற்குத் தெரிந்துதான் இருக்கிறது.
ஒரு முழம் தள்ளியிருக்கும் பெட்டிக்குக் கேட்கவில்லை.
பெட்டி அதற்கு வைத்திருந்த பெயர்
பொதுவான மானிட்டர்.

அப்போதுதான் அந்த அக்கா வந்தார், ஜெகதேவியிலிருந்து.
நாளைக்குக் காரியம். ஆறுக்கு நாலு.
வேலைசெய்த இடத்து அடையாள அட்டைப் படம், போனில்.
திம்மராயன், வயது நாற்பத்தாறு, கிரானைட் பாலிஷ்.
"இமயம் சரிந்தது"ன்னு போடவா, என்றேன், வாய்ப்பழக்கம்.
"மலை சரிஞ்சத நேர்ல பாத்தவரு. வேணாம்."

படத்தைத் திறந்தேன்.
கன்னம் நிறைந்து, தோள் அகன்று,
சட்டைக்குள் ஆள் இருந்தார்.
"ஸ்கிரீன் கோளாறுக்கா. பிரிண்டுல சரியா வந்துடும்."
"சரியான்னா?"
"இருந்த மாதிரி."
சாலையில் ஒரு லாரி கியர் மாற்றி ஏறும்வரை பேசவில்லை.
"கடேசி வருசம் இருமலும் சட்டையுந்தான் நடமாடுச்சு.
இப்பிடியே இருக்கட்டுமே."

என்ன சொல்வதென்று தெரியாமல் நியாஸுக்குப் போன் போட்டேன்.
கேபிளைக் கழற்று, ஊசிகளை எண்ணு, என்றான்.
டார்ச் அடித்துப் பார்த்தேன். பதினைந்துக்குப் பதினான்கு.
ஒன்பதாவது இல்லை.
அது பிறவியிலேயே இல்லாதது, குற்றமில்லை, அடுத்ததைப் பார்.
கடைசி வரிசையில் பன்னிரண்டாவது
பக்கத்து ஊசிமேல் சாய்ந்து படுத்திருந்தது.
"அதுதாண்டா. சிவப்பு, பச்சை, நீலமெல்லாம் வேற ஊசி,
அதனால படம் வருது.
மானிட்டர் தான் யாருன்னு சொல்றது இதுலதான்."

நிமிர்த்த எதுவும் அகப்படவில்லை.
பர்ஸ் ஜிப்பில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி
அந்த அக்காவே நீட்டினார்.
உடைந்தால் புதுக் கேபிள், நூற்றைம்பது ரூபாய்.
மூச்சைப் பிடித்து நெம்பினேன்.
நின்றது.

திரை இருண்டு, ஒரு நொடி யோசித்து, விரிந்தது.
எழுத்தெல்லாம் சிறுத்துக் கூர்மையாயிற்று.
தாய்மாமன்கள் இடைவெளி விட்டு நின்றார்கள்.
திம்மராயன் ஒடுங்கினார்.
கழுத்தைச் சுற்றிக் காலர் தனியாக நின்றது.
முன்னே தெரியாத ஒன்றும் தெரிந்தது:
இடது புருவத்தில் ஒரு வெட்டு.
"கல்லு தெறிச்சது" என்றார், கேட்காமலே.

நான் ஒன்றும் பேசவில்லை.
அகலத்தையும் உயரத்தையும் சேர்த்துக் கட்டியிருக்கும்
அந்தச் சின்னப் பூட்டை அவிழ்த்தேன்.
அகலம் மட்டும்: நூற்று இரண்டு சதவீதம்.
நூற்று நான்கு.
"இன்னும்."
ஏழு. எட்டு. ஒன்பது.
"இல்ல, ஒண்ணு கொறச்சுடு.
அதுக்கு மேல போனா அவுரு இல்ல."

நூற்று எட்டில் சேமித்தேன்.
முன்பணம் முந்நூறு கொடுத்துவிட்டு,
காலையில் அண்ணன் மகன் வருவான் என்று சொல்லிப் போனார்.
கேபிளைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டினேன்.
யாரும் தொடாதே என்று பேனாவால் எழுதினேன்.
ஊக்கு கீபோர்டுக்குப் பக்கத்திலேயே கிடந்தது.
தெருவுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன்.
ரவுண்டானா பக்கம் போகிற ஷேர் ஆட்டோக்கள்,
எதில் ஏறினார் என்று தெரியவில்லை.