சாண் கணக்கு

அக்டோபரில் வாரத்துக்குப் பதினொரு குளம்.
மூடுவதுதான் என் பிழைப்பு.
வேனில் பம்பு, குழாய்ச் சுருள், ரப்பர் அடைப்பான்கள்,
இளஞ்சிவப்பில் உறையாத் திரவம் ஆறு கேன்.

யமாஸ்கா ஆற்றை ஒட்டிய தெருவில்
கடைசி வீடு உகெத்துடையது.
பாதி வீடு. மறு பாதி
தம்பி ரோசேருடையது.
குளத்தை மட்டும் இன்னும்
எந்த வக்கீலாலும் வகுக்க முடியவில்லை.

ஸ்கிம்மர் கூடையில் மேப்பிள் சருகு,
ஒரு தவளை,
ஒரு குழந்தையின் நீச்சல் கண்ணாடி.
தவளையை வேலியோரம் விட்டேன்.
கண்ணாடியை யாரும் தன்னுடையது என்று சொல்லவில்லை.

பம்பை இறக்கிவிட்டு
"எவ்வளவு இறைக்கட்டும்?" என்றேன்.
கேட்டிருக்கக் கூடாது.

"ஸ்கிம்மர் வாய்க்குக் கீழே அரைச் சாண்,
அதற்கு மேல் ஒரு சொட்டு கூடாது" என்றான் ரோசேர்.
"மேலே விழுகிற பனியை
எது தாங்கும், உன் வாயா?
தண்ணீர்தான் தாங்கும்."

"இரண்டு சாண்" என்றாள் உகெத்.
"மார்ச்சில் உருகிச் சொட்டும். மட்டம் ஏறும்.
ஏறியது ஓர் இரவில் மறுபடி உறையும்.
ஓடுகளைப் பிளந்த பிறகு
நீயா வந்து ஒட்டுவாய்?"

தலைக்கு மேல் வெள்ளம் போனால்தான்
சாண் என்ன, முழம் என்ன.
இங்கே வெள்ளம் இடுப்பளவு.

நான் குளங்களுக்குக் கூலி வாங்குகிறேன்,
வழக்குகளுக்கு அல்ல.
கொட்டகைக்குப் போய்
குழாய்களில் காற்றை ஊதத் தொடங்கினேன்.
ஊதுகருவியின் இரைச்சலுக்கு மேலே
அவர்கள் குரல் துண்டு துண்டாய் வந்தது.
கூரை மாற்றிய செலவு.
லாவாலில் யாரிடமும் கேட்காமல் விற்ற கார்.
யார் கல்யாணத்துக்கு யார் வரவில்லை.
ஒவ்வொரு விஷயத்துக்கும்
நாலு விரற்கடை.

பம்புக்குக் காது கிடையாது.

ஊதுகருவியை நிறுத்தியபோதுதான் கேட்டது:
உறிஞ்சுகுழலில் ஜூஸ் முடிந்த பின்னும்
விடாமல் உறிஞ்சும் பிள்ளையின் சத்தம்.
ஓடிப் போய்ப் பார்த்தால்
படிகள் காய்ந்து கிடந்தன.
பக்கச் சுவரில் விளக்கு
வெறும் கண்ணாய் விழித்தது.
ஆழப் பக்கத்தில் மட்டும் ஒரு குட்டை,
அதில் சருகு, அதற்குள் வானம்.

மூன்று பேரும் பேசவில்லை.

நாலு வீடு தள்ளி ஒருவர்
சுத்தமாக இருக்கட்டும் என்று ஒட்ட இறைத்தார்.
ஏப்ரலில் நிலத்தடி நீர் அடியில் தோள் கொடுக்க,
ஃபைபர் தொட்டி முழுசாய் எழும்பி
புல்வெளியில் படகாய் நின்றது.
அதை இழுத்துப் போக வந்த லாரிக்கு
தெருவே கூடி நின்றோம்.
குளத்தை மண்ணோடு பிடித்து வைப்பது
அதற்குள் இருக்கும் எடைதான்.
இருவருக்கும் அது தெரியும்.
உகெத் வேறெதுவும் சொல்லாமல்
தோட்டக் குழாயைத் திறந்தாள்.

மணிக்கு ஒரு விரற்கடை ஏறுமோ என்னவோ.
சும்மா நிற்பானேன் என்று
புதுப் போர்வையின் பெட்டியைக் கத்தியால் கீறினேன்.
வலைப் போர்வை.
கெட்டிப் போர்வை என்றால் ரோசேர் சொன்னது சரி.
வலைக்கு உகெத் சொன்னது சரி.
இத்தனை நேரமும் பெட்டியை
ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.
உள்ளே ரசீது, தள்ளுபடி விலை,
வாங்கியவர்: ரோசேர்.

அவன் அதை நாலாய் மடித்து
சட்டைப் பையில் வைத்துக்கொண்டு
மூன்றாம் படியில் உட்கார்ந்தான்.
ஈரம் காற்சட்டையில் ஊறியது, எழவில்லை.
நேற்றைய பட்டாணி சூப்பை
உகெத் மூன்று கோப்பைகளில் கொண்டுவந்தாள்.
அவன் கோப்பையை அவனிடம் நீட்டாமல்
பக்கத்தில் வைத்தாள்.

இருட்டிய பின், பக்கத்து வீட்டுக் குழாயும் சேர்ந்துகொள்ள,
ஒரு வழியாய் மட்டம் வந்தது.
உகெத் குனிந்து கை வைத்து அளந்தாள்: இரண்டு சாண்.
ரோசேரும் வைத்துப் பார்த்தான்.
அவன் கைக்கு ஒன்றரைதான்.
"ம்" என்றான்.

போர்வையை இழுத்துக் கட்டினோம்.
ரசீதில் எழுதினேன்:
நீர் மட்டம், ஸ்கிம்மருக்குக் கீழே இரண்டு சாண்.
யாருடைய சாண் என்று எழுதவில்லை.
கூடுதல் ஐந்து மணி நேரத்தில்
பாதியைத்தான் போட்டேன்,
பம்பை மறந்தது நானும்தானே.

வேன் கண்ணாடியில் உறைபனி படியத் தொடங்கியிருந்தது.
டாஷ்போர்டில் அந்த நீச்சல் கண்ணாடி.
யார் வைத்தது என்று தெரியவில்லை.