மூன்றாம் எடைக்கல்

எங்கள் முதல் அரசனிடம் இருந்தவை
பதினான்கு ஆட்டுத்தோல்கள்.
ஊதிக் கட்டி, மேலே நாணல் பரப்பி
யூப்ரடீஸைக் கடத்திவிட்டான் ஹஃப்சாய்.
ஆளுக்கு ஒரு பிடி உப்பு,
கழுதைக்கு இரண்டு.

கிழக்கே ஷாவின் காவற்கோபுரம்,
மேற்கே சீசருடையது.
ஒருவர் ஏற்றும் தீப்பந்தம்
மற்றவர் தூக்கத்தைக் கெடுக்கும் தூரம்.
பாலம் கட்ட இருவருக்கும் துணிவில்லை,
கட்டினால் அவன் வந்துவிடுவான்.
அந்தப் பயத்தின் மேல்தான்
மிதந்தோம் நாங்கள்.
ஊருக்குப் பெயர் பேத் ஸக்கே:
தோற்பைகளின் வீடு.

அவன் மகன் அவிதா மதில் எழுப்பினான்.
உப்பு வெள்ளியாயிற்று.
சுங்கச்சாவடியில் இரண்டு பெட்டிகள்,
ஒன்றில் ரோமின் எடைக்கற்கள்,
ஒன்றில் பாரசீகத்தின் கற்கள்.
பட்டு ஒரு கல்லில் வரும்
கண்ணாடி இன்னொரு கல்லில் போகும்
இடையில் உதிரும் தூசு எங்களுடையது.
தூசிலிருந்து ஓர் அரண்மனை எழ
முப்பது வருடம் போதும்.

அவிதாவுக்குப் பின் ஆண்டவள்
அவன் மனைவி அமத்சின்.
மூன்றாம் பெட்டியைத் திறந்தவள் அவள்தான்.
கருங்கல், கௌதாரி முத்திரை,
இரண்டு பேரரசுக்கும் நடுவே
நாங்களே வகுத்த எடை.
அன்று கடைத்தெருவில்
வெங்காயம் வாங்கியவர்கள்கூட
நிமிர்ந்து நின்று வாங்கினார்கள்.
எனக்கு அப்போது ஒன்பது வயது. பார்த்தேன்.

கல்லைக் காண இரண்டு தூதர்கள் வந்தார்கள்
ஒரே வாரத்தில், வெவ்வேறு வாசல் வழியே.
இருவரும் புகழ்ந்தார்கள்.
இருவரும் ஆளுக்கொரு மகனைக் கேட்டார்கள்,
படிக்கவைக்க என்று.
மூத்தவன் அப்கை அந்தியோகியாவுக்கு,
இளையவன் வாயேல் டெசிஃபோனுக்கு.
தோணி ஏறுகையில் வாயேலின் செருப்பு ஆற்றில் விழ
உடுத்த பட்டோடு குதித்து எடுத்துவந்தவன் அப்கை.

பதினேழு வருடம் கழித்துத்
தாயைப் புதைக்கத் திரும்பினார்கள்
மார்க்கஸ் என்று ஒருவன்
மிஹ்ரதாத் என்று ஒருவன்.
ஒரே மேசை, இருவருக்கும் ஒரே மூக்கு.
நடுவே நான்,
பர்நாய், மொழிபெயர்ப்பாளன்.
"அந்த ரொட்டியை இப்படித் தள்ளு" என்றான்
அண்ணன், கிரேக்கத்தில்.
பஹ்லவியில் சொன்னேன்.
"கடைசியில் அம்மா என்ன சொன்னாள்?" என்றான் தம்பி.
கிரேக்கத்தில் சொன்னேன்.
அண்ணனுக்குத் தெரியவில்லை.
எனக்குத் தெரியும், அருகில் இருந்தேன்.
அவள் சொன்னதை அவள் சொன்னபடியே
எங்கள் மொழியில் சொன்னேன்.
இரண்டு பேரும் என் வாயையே
பார்த்துக்கொண்டிருந்தார்கள்,
மொழிபெயர்ப்புக்காக.

போர் வரும் என்று கிணறுகளை ஆழப்படுத்தினோம்.
கோதுமையைப் பானைகளில் புதைத்தோம்.
மதிலின் வடமூலைக்குப் புதிதாகச் சுண்ணம் பூசினோம்.
வந்தது சமாதானம்.

நடு ஆற்றில், வேறு பொது இடம் இல்லாததால்
எங்கள் தோல் மிதவை மேலேயே
இரண்டு தளபதிகள் கைகோத்தார்கள்.
ஒப்பந்தத்தில் நாற்பத்தொரு பிரிவுகள்.
நடுநீரோட்டமே எல்லை என்றது ஆறாவது.
பாலம் பற்றியது பத்தொன்பதாவது.
நாற்பத்தொன்றையும் பெயர்த்தவன் நான்.
பேத் ஸக்கே என்ற சொல்
எதிலும் வரவில்லை.
இல்லாத சொல்லை எந்த மொழியில் சொல்வது?
இரண்டு முறை தொண்டையைச் செருமினேன்.
குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள்.

இளவரசர்களுக்கு மானியம் கிடைத்தது,
கரைக்கொரு தோட்டமாக.
சாவடியில் இப்போது குதிரைகள் நிற்கின்றன.
கருங்கற்களைக் கொத்தர்கள் வாங்கிப்போய்ப்
பாலத்தின் மூன்றாம் தூணுக்கு அடியில் போட்டார்கள்.

ஒன்று மட்டும் எங்கள் வீட்டில்.
என் மனைவி ஸபாய்
பாலாடைக்கட்டி பிழிய வைத்திருக்கிறாள்.
கௌதாரியின் அலகு தேய்ந்துவிட்டது.
நேற்றுக்கூட நிறுத்துப் பார்த்தேன்
ரோமின் கல்லைவிட ஒரு பிடி உப்பு அதிகம்,
பாரசீகக் கல்லைவிட
ஒரு பிடி குறைவு.
"கல்லை இங்கே கொடு" என்றாள்,
"பால் திரிந்துவிட்டது."