எடைமேடை

லாரியோடு ஒருமுறை, காலி லாரி ஒருமுறை.
கழித்தால் வருவது சரக்கு.
எண்ணூர் நெடுஞ்சாலையில்
பதினாறு வருஷமாய் இதுதான் என் பிழைப்பு.

வீடு பார்க்க வந்த அதிகாரி
மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கினார்.
அடுப்பைப் பார்த்தார்.
கழிவறைத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார்.
உங்களுக்குக் காய்ச்சல் வந்தா பிள்ளைய யாரு பாப்பாங்க?
எதிர்வீட்டு ரமீஜா கதவிடுக்கிலிருந்து
"நான் இன்னாத்துக்கு கீறேன்?" என்றாள்.
அதையும் எழுதிக்கொண்டார்.

கணவர் பெயர்: கோடு.
அடுத்த பக்கத்திலும் அதே கட்டம், இன்னொரு கோடு.
நாற்பத்து மூன்று வயதில்
இத்தனை கோடு போட்டதில்
ஸ்கேல் இல்லாமலே நேராக வருகிறது.

அப்பா கப்பலேறினார். சித்தப்பா ஏறவில்லை.
வியாசர்பாடியில் நான் பிறந்ததற்கும்
சித்தப்பாவின் பேரன்
மோல்மேனில் பிறந்து யாருமற்றுப் போனதற்கும்
அவ்வளவுதான் வித்தியாசம்.
இரண்டு வருஷம் நாலு மாசம்
முத்திரை, நோட்டரி, மறுபடி முத்திரை.
ஒரு காகிதம் வந்து சேர்வதற்குள்
இன்னொன்று காலாவதியாகிவிடும்.
அங்கே அவனுக்கு முன்பல் இரண்டு விழுந்து
ஒன்று முளைத்தும்விட்டது.

மீனம்பாக்கத்தில் என் கையைப் பிடிக்கவில்லை.
பையின் வாரைப் பிடித்துக்கொண்டான்.

பேர் தூரா.
எங்கள் பிளாக் அதைத் துரை ஆக்கியது.
"துரைக்கு எந்த ஊரு?"
"பேசமாட்டாரா துரை?"
துரை கட்டிலுக்கு அடியில் தூங்கினான், செருப்போடு.
குண்டு இல்லடா,
கண்டெய்னர் லாரி பள்ளத்தில் விழுந்து எழுந்த சத்தம்
என்று சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை.
அப்பாவின் பர்மாவில் எனக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று:
தமீன் சா பிபீலா. சோறு தின்னாயா.
அதையே சொன்னேன்.
ராத்திரி இரண்டு மணிக்கும்
கட்டிலுக்கு அடியில் தலையை நீட்டி
சோறு தின்னாயா, சோறு தின்னாயா.

பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ வாங்கிக் கொடுத்தேன்.
ஒரு வாய் வைத்துவிட்டு
என்னைப் பாவமாகப் பார்த்தான்.

காய்ச்சல் அவனுக்குத்தான் முதலில் வந்தது.
ஸ்டான்லியில் எடை மெஷினைக் கண்டு அலறினான்.
தூக்கிக்கொண்டு நான் ஏறினேன்.
அவனை ரமீஜாவிடம் கொடுத்துவிட்டு
மறுபடி ஏறினேன், காலியாக.
நர்ஸம்மா பேனாவைத் திறக்குமுன்
பதினேழு நானூறு என்றேன்.
குரல் ஏனோ உடைந்தது.

போன வியாழன் டோல்கேட்டில் ஜாம்.
வீடு வர பத்தே முக்கால்.
ரமீஜா வீட்டு வாசற்படியில்
அரைக்கால் சட்டையில் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு
நின்றிருந்தான்.

"இன்னா லேட்டு?"

பதில் தேடிக்கொண்டே சாவியை எடுத்தேன்.
எனக்கு முன்னால் உள்ளே போனவன்
திரும்பிப் பார்க்காமல் சொன்னான்:
ரசம் வேணாம்.