எங்கள் வீட்டில் நீ இருந்த நேரங்கள்

இலக்கியா,
இந்த மாதம் மட்டும்
பதினோரு மணி நேரம்
நீ எங்கள் வீட்டில் இருந்திருக்கிறாய்.
பிசிக்ஸ் ரெக்கார்டு எழுதினாய்.
எனக்கு விளங்காத கெமிஸ்ட்ரியை விளக்கினாய்.
இரண்டு முறை தலைவலி வந்து படுத்துக்கொண்டாய்.
உன் அம்மா போன் செய்த நான்கு முறையும்
சரியாக அந்த நிமிஷம்
பாத்ரூமில் இருந்தாய்.

என் அம்மாவுக்கு ஜி.ஹெச்.சில் மதிய ஷிஃப்ட்.
மஞ்சக்குப்பத்து வீட்டில் நானும் ஃபேனும்.
நீ தென்னவனின் பைக்கில்
பெண்ணையாற்றுப் பாலம் தாண்டிக்கொண்டிருப்பாய்.
முள்ளோடை வரைக்கும் போனீர்களாம்.
பாண்டியில் பெட்ரோல் விலை கம்மி,
அதற்குத்தான் போனோம் என்றாய்.
என்னிடமே.

முதலில் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.
ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே சைக்கிள்,
ஏற்றத்தில் நான் மிதிப்பேன், இறக்கத்தில் நீ.
அதன் தொடர்ச்சி என்று நினைத்தேன்.
பொய் சொல்லி முடித்துப் போனை வைத்ததும்
கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொள்வேன்,
பெரிய ஆள் மாதிரி.

கணக்கு பிறகுதான் புரிந்தது.
நீ என் வீட்டில் இருக்கிற நேரமெல்லாம்
நான் வெளியே போகக் கூடாது.
முக்குக் கடையில் ஒரு பால் பாக்கெட்,
அதற்குக்கூட.
உன் மாமா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார்.
எந்தத் திருப்பத்திலும் வருவார்,
"என்னம்மா, ஃப்ரெண்டு எங்க?" என்பார்.

மாசி மகத்தன்று
ஊர் ஊராய்ச் சாமிகள் கிளம்பி
உன் தேவனாம்பட்டினத்துக் கடலுக்குப் போயின.
மேளம் எங்கள் தெரு வழியாகத்தான் போனது.
நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு
இரண்டு பேருக்கும் சேர்த்துப் படித்தேன்.

போன ஞாயிறு போன் வரவில்லை.
காலிங் பெல் அடித்தது.
அஞ்சலாட்சி அத்தை.
கையில் எவர்சில்வர் டப்பா.
"காலையிலேர்ந்து படிக்கிறீங்களே ரெண்டு பேரும்..."
வறுத்த சங்கரா, நாலு துண்டு.

"பாத்ரூம்ல இருக்கா அத்தை."
அவர் இன்னும் கேட்கவே இல்லை.

பாத்ரூம் பக்கம் அவர் திரும்பவில்லை.
வாசலைப் பார்த்தார்.
அங்கே ஒரு ஜோடிச் செருப்பு.
என்னுடையது.

நாலு தெரு கேட்க மீன் கூவி விற்கிற அத்தை
எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:
"வந்ததும் சூடு பண்ணிக் குடு."
எங்கிருந்து வந்ததும் என்று சொல்லவில்லை.
கேட்டைச் சாத்தப் போனவர் நின்று,
"நீ சாப்ட்டியாடி?"
என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.
எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று
இப்போது நினைவில்லை.

நீ ஏழு மணிக்கு வந்தாய்.
கொலுசில் மணல்.
இரண்டு துண்டு நான் தின்றிருந்தேன்.
உன் இரண்டும் அப்படியே இருந்தன.
"அம்மா என்னடி சொன்னாங்க?"
"ஒண்ணும் சொல்லல."

அதுவரை சொன்ன பொய்யெல்லாம்
உனக்காக.
இது
உனக்கே.

நீ முள்ளை ஒதுக்கியபடி பேசிக்கொண்டே இருந்தாய்,
அவனுடைய புது ஹெல்மெட்,
அவன் அண்ணன் கல்யாணம்,
அவனுக்கு அரியர் எத்தனை என்பது வரைக்கும்.
ஆறிய மீன் என்றுகூட நீ சொல்லவில்லை.
நானும் சூடு பண்ணியிருக்கவில்லை.

இந்த ஞாயிறும் போவாய், தெரியும்.
போ.
ஆனால் உன் செருப்பை
எங்கள் வாசலில் விட்டுவிட்டு
என்னுடையதைப் போட்டுக்கொண்டு போ.
அரை அங்குலம் சின்னது,
குதிகால் வெளியே நிற்கும்.
பைக்கில்தானே, பரவாயில்லை.

அத்தை மறுபடி வந்தால்
வாசலில் அப்போதும்
ஒரு ஜோடிதான் இருக்கும்.
உன்னைக் கேட்க மாட்டார்.

இவள் எங்கே போனாள் என்று
ஒரு தடவை
என்னைத் தேடட்டும்.