தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்

கோரிப்பாளையத்தில் தொடங்கி பனகல் சாலை முடிய
ஏழு ஸ்கேன் சென்டர்.
ஏழிலும் செருப்பைக் கழற்றினேன்.
ஏழிலும் ஒரே கேள்வி:
"எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?"
அதைத் தேடித்தான் வந்தேன் என்பதை
எந்தக் குரலில் சொன்னாலும்
திமிராகவே கேட்கிறது.

ஆறாவது இடத்தில் என்னை நோயாளி என்று நினைத்து
டோக்கன் கொடுத்தார்கள். இருபத்து மூன்று.
திருப்பிக் கேட்கவும் இல்லை.

எட்டாவது, உசிலம்பட்டி.
உரக்கடை மாடி.
டாக்டர் மெர்சி புஷ்பம் மார்க் ஷீட்டைத் தொடவில்லை.
"சத்தமாப் பேசுவியா?" என்றார்.
சம்பளம் கிடையாது, பஸ் காசு உண்டு.
சனிக்கிழமைகளும் காலேஜ் லீவு நாட்களும்.

வேலை, தண்ணீர் குடிக்கச் சொல்வது.
"ஒரு லிட்டர்க்கா. முட்டுனதும் சொல்லுங்க. போயிட்டு வந்துறாதீங்க."
நிறைந்த நீர்ப்பைக்குப் பின்னால்தான் கருப்பை தெரியும்,
நீர்தான் ஜன்னல் என்கிறது புத்தகம்.
பெஞ்சில் நெளியும் பதினோரு பேரிடம்
ஜன்னல் என்றெல்லாம் பேச முடியாது.
அடக்க மாட்டாமல் போய்விட்டு வந்தவள்
திருடியவள்போல் என்னைப் பார்ப்பாள்.
மறுபடி ஒரு லிட்டர்.
(அன்று காலை ஆரப்பாளையம் பஸ்ஸுக்காக
செல்லூரிலிருந்து வைகையைக் கடந்தபோது
பாலத்துக்குக் கீழே
ஆகாயத்தாமரை, ஒரு மாடு.)

ஜெல் துடைப்பேன். படிவம் நிரப்புவேன்.
ஆண் குழந்தைகள் எத்தனை, பெண் குழந்தைகள் எத்தனை.
கருவில் இருப்பது என்ன குழந்தை என்று
இங்கே சொல்வதில்லை என்கிற பலகையை
ஈரத்துணியால் துடைப்பேன்.
திரை மட்டும் என் பக்கம் திரும்பாது.
என் நாற்காலி கிடக்கிற இடம் அப்படி.
டாக்டரின் மூக்குக்கண்ணாடியில்
சாம்பல் மழை பெய்வதைப் பார்ப்பேன்.
மூன்று மாதம் பார்த்தேன்.
எது தலை, எது நிழல், பிடிபடவில்லை.

ஐப்பசியில்,
ஒச்சம்மாள், வயது இருபத்தாறு, பெண் குழந்தைகள் இரண்டு.
அவள் புருஷன் என்னைப் படிக்கட்டில் மறித்தான்.
கையில் வியர்த்துப்போன ஐந்நூறு ரூபாய்.
"வாயத் தொறந்து சொல்ல வேணாம் தங்கச்சி,
தலைய மட்டும் ஆட்டு.
ஒனக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியாது.
எட்டு வாரக் கருவில் டாக்டருக்கே தெரியாது.
ஆனால் ஏழு வாசல் ஏறி இறங்கியும்
எவரும் நம்பாத ஒன்றை
இந்த ஆள் நம்புகிறான்.
ஒரு நொடி அது எனக்குப் பிடித்திருந்தது.
அதை மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.

"தெரியாது" என்றேன்.
பொய் என்று நினைத்து இன்னொரு நோட்டை உருவினான்.
"தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன்."
கீழே மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.
சத்தமாகத்தான் பேசியிருக்கிறேன்.

மேலே ஒச்சம்மாள்
காலி பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு,
"இன்னும் எத்தன பேரு கண்ணு? முட்டுது."
முதலில் அவளைக் கூப்பிட்டேன்.

நடந்ததைச் சொன்னபோது
டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை.
ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு கேட்டார்:
"நீ தண்ணி குடிச்சியா?"

படுத்துக்கொண்டேன். ஜெல் அவ்வளவு குளிரும் என்று
எத்தனையோ பேரிடம் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.
புரோபை என் கையில் கொடுத்து
திரையை என் பக்கம் திருப்பினார்.
கறுப்பு. நீர் அங்கே கறுப்பு.
கரை கட்டிய கண்மாய்போல் அமைதியாக.
அதன் அடியில் பேரிக்காய் அளவில் சாம்பல்.
கை நடுங்கியது, கண்மாயும் நடுங்கியது.
"அமுக்காத, அப்புறம் ஓடணும்" என்றார் டாக்டர்.

பயிற்சி நோட்டில் முதல் பதிவு.
நோயாளி பெயர் என்ற கட்டத்தில் என் பெயர்.
டாக்டர் கையெழுத்து, தேதி.

கடைசிப் பஸ்ஸில் விரல் மடக்கி எண்ணினேன்.
இப்போது எட்டு என்றால்
மார்கழியில் பதினாறு.
மார்கழியில் எனக்கு செமஸ்டர்.
லீவு கேட்கக் கூடாது.