கோசோங்

பஹாவ், சனி இரவு. மாமாக் கடையில்
இரண்டு மேசைகளை ஒட்டிப் போட்டோம்.
செம்பனைக் குலை எண்ணும் செயலி,
நிரல் யாருக்கும் திறந்தது.
அடுத்த பதிப்புக்குப் பதினேழு கோரிக்கைகள்.

கறுப்புத் திரைக்கு ஹிடாயா உடனே சரி என்றாள்.
வங்காள மொழி, ஆள் கிடைத்தால்.
படம் பிடித்தே குலை எண்ணுவது லிங்கேஸின் கனவு,
இந்த வருஷமும் கனவாகவே இருக்கட்டும்.

பதினொன்றாவது, மூணாம் டிவிஷன் சந்திரமலர்:
"கோசோங் போட்டா ஏன் சேவ் ஆக மாட்டேங்குது?"

ஆகாது. அந்தச் சோதனையை எழுதியவன் நான்.
வெட்டாத நாளில் பதிய என்ன இருக்கிறதென்று
இருமுறை மூடியும் வைத்தேன்.

கீழே எழுதியிருந்தாள்:
"மழையிலயும் ஆறு மணிக்கே போய் நிப்போம்.
பத்துக்குத் திருப்பி அனுப்புவாங்க.
நின்னது நின்னதுதானே."

ஆ லியோங் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தான்.
காரணத்துக்கு ஒரு கட்டம் வேணும், என்றாள் ஹிடாயா.
பழைய கணக்கெல்லாம் உடையுமே, என்றான் லிங்கேஸ்.
உடையட்டும்.

ஒப்புதலுக்கு இரண்டு கை போதும்.
நான்கு உயர்ந்தன, ஒன்றில் பருப்புக் குழம்பு.

மாற்றம் இவ்வளவுதான்:
'பெரியது' குறிக்கு அடியில் ஒரு சிறு கோடு.

நவம்பரில் முதல் சுழியம் வந்தது,
காலை 6.02.
காரணக் கட்டத்தில் மழை என்றுகூட இல்லை.
'நின்னேன்.'