ஒத்துப்போகாதவை

கடைசி ரயில் புவன விஸ்தா தாண்டியபின்தான்
இயந்திரம் கண் திறக்கும்.
அதுவரை தரைக்கடியில் ஓடும் ஒவ்வொரு பெட்டியும்
அணுவளவு அதை உலுக்கிவிடும்.
லிஃப்டை நிறுத்திவைத்து,
கோப்பி ஆறிப்போகும்வரை
நானும் அசையாமல் இருக்கிறேன்.

ஈரம் இந்தத் தீவின் பிறவிக்குணம்.
ஒரு சொல் சொன்னாலே
மாதிரித்தட்டில் பனி ஒட்டிக்கொள்ளும்.
முகமூடிக்குள் மூச்சடக்கி
டெங்கிக் கிருமியின் மேற்சட்டைப் புரதத்தை
ஈத்தேனில் முக்குகிறேன்.
தண்ணீருக்குப் பனிக்கட்டியாகக்கூட நேரம் தராத குளிர்.
வளைந்துகொண்டிருந்தது வளைந்தபடி,
திறக்கப்போனது திறக்காமல்.

விடிவதற்குள் ஆறு லட்சம் உருவங்கள்,
எல்லாமே சாம்பலில் விழுந்த சாம்பல்.
அடுக்கி, திருப்பி, சராசரி கண்டு
கணினி ஒரு முகம் வரைந்து தருகிறது.
அழகான முகம்தான்.
ஆறு லட்சத்தில் ஒன்றுக்கும் அது சொந்த முகமில்லை.

ஒத்துப்போகாதவற்றுக்கு ஒரு கோப்புறை உண்டு.
பெயர்: குப்பை.
உடைந்தவை, ஒட்டிக்கொண்டவை, வெறும் பனித்துகள்,
நடுவே எப்போதாவது
ஒரு கையை மட்டும் வெளியே நீட்டிய ஒன்று.
இதுவரை பதினேழு முறை பார்த்துவிட்டேன்.
"மேகத்தில் யானை தேடுகிறாய்" என்கிறாள் பெய் ஷுவான்.
இருக்கலாம்.

கீழ்த்தளத்தில் புதியதற்குக் குழி தோண்டுகிறார்கள்.
அது உறைய வைக்காதாம்.
ஒரேயொரு மூலக்கூறை, தண்ணீரில், உடம்புச் சூட்டில்,
அது நடக்க நடக்கப் பார்க்குமாம்.
விற்க வந்தவர் ஆரஞ்சு நிறத்தில் படம் ஓட்டிக் காட்டினார்.
ஒளியைவிடச் சிறியதற்கு
ஏது ஐயா நிறம் என்று கேட்டேன்.
சிரித்துவிட்டு அடுத்த பக்கம் போனார்.

நேற்றைய மழை அந்தக் குழியில் தேங்கிவிட்டது.
கொசுப்புழு இருக்கிறதா என்று
டார்ச்சோடு குனிந்து பார்த்தார் ஓர் அதிகாரி.
ஐந்து மாடி மேலே அதே எதிரியை
நான் வேறொரு வெளிச்சத்தில்.

மின்னஞ்சல் வந்திருக்கிறது:
சேமிப்பகம் நிறைந்துவிட்டது,
வெள்ளிக்கிழமைக்குள் குப்பையை அழிக்கவும்.

சிம் லிம் போய்
சொந்தக் காசில் இரண்டு வட்டு வாங்கி வந்தேன்.
எவ்வளவு கூர்மையான கண்ணாக இருந்தாலும்
எங்கே பார்ப்பதென்று அதற்குத் தெரியாதே.
பதினேழுபேர் கை நீட்டிய இடத்தை
யாராவது குறித்து வைக்க வேண்டாமா?

முதல் ரயில்.
திரையில் ஒரு சின்ன நடுக்கம்.
லிஃப்டை விடுவிக்கிறேன்.
நகல் நாற்பத்திரண்டு விழுக்காடு.